முட்டை வெடிக்கலன்னு சொன்னாங்களா? எந்த நாள்ல பாத்தாங்கன்னு முதல்ல கேளுங்க

வாசகி கேட்டது:

டாக்டர், எனக்கு 29 வயசு, அவருக்கு 33. கல்யாணம் ஆகி 2 வருஷம் 8 மாசம் ஆச்சு, இன்னும் எதுவும் நிக்கல. பீரியட்ஸ் 34 நாள்ல இருந்து 38 நாளுக்குள்ள வரும், முதல் ரெண்டு நாள் வலி தாங்க முடியாது, மாத்திரை போட்டும் வேலைக்கு லீவ் தான். ஸ்கேன்ல நீர்க்கட்டி இருக்குன்னாங்க, ஏஎம்ஹெச் 6.8 ஜாஸ்தின்னாங்க, தைராய்டு நார்மல். 21வது நாள் ரத்தம் எடுத்துட்டு புரோஜெஸ்டிரான் 0.9 தான், முட்டை வெடிக்கலன்னு சொல்லிட்டாங்க. அவர் வேற ஊர்ல வேலை பாத்துட்டு மாசத்துக்கு ரெண்டு சனி ஞாயிறு வருவார், இப்ப 5 மாசமா தான் ஒண்ணா இருக்கோம். ஆப்ல காட்டற மாதிரி 13, 14 ரெண்டு நாளும் தவறாம சேர்றோம், மத்த நாள் விந்து வீணாகக்கூடாதுன்னு விலகி இருக்கோம். முடிஞ்சதும் தலகாணி வச்சு அரை மணி நேரம் படுத்துக்கறேன், எழுந்தா வெளிய வந்துடுது. அவர் ஜிம் போறவர், சிகரெட் தண்ணி கிடையாது, எனக்கு எதுக்கு டெஸ்ட்ங்கறார். மாமியார் என் முகத்துக்கு நேரா ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா குறை எனக்கு தான்னு எல்லாருமே முடிவு பண்ணிட்டாங்க. நேரா ஐவிஎஃப் போயிடலாமா?

பதில்:

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன்மா. முதல் தடவை ரிப்போர்ட் நம்பர் தான் கண்ணுல பட்டுச்சு, ரெண்டாவது தடவை படிக்கறப்ப தான் விஷயம் நம்பர்ல இல்ல நாள் கணக்குல இருக்குன்னு புரிஞ்சுது. ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க, ஒரு சின்ன கழித்தல் கணக்கு போடலாம்.

முட்டை பீரியட்ஸ் வந்த 14வது நாள் வெளிய வரும்னு எல்லாரும் சொல்லி சொல்லி அது வேதவாக்கு மாதிரி ஆயிடுச்சு. உண்மையில அந்த 14ஐ முன்னாடி இருந்து எண்ணக்கூடாது, பின்னாடி இருந்து எண்ணணும், அதாவது அடுத்த பீரியட்ஸ் வர்றதுக்கு கிட்டத்தட்ட 14 நாள் முன்னாடி தான் முட்டை வெளிய வருது. 28 நாளைக்கு ஒரு தடவை வர்றவங்களுக்கு எந்தப் பக்கம் எண்ணினாலும் 14 தான் வரும், அதனால அந்தக் கணக்கு ஊர் பூரா பரவிப்போச்சு. உங்களுக்கு 36 நாள்னு வச்சுக்கோங்க, 36ல 14 போனா 22. 34 நாள் வர்ற மாசம் 20, 38 நாள் வர்ற மாசம் 24. ஆக உங்க முட்டை 20ல இருந்து 24க்குள்ள எப்பவோ தான் வெளிய வருது, நீங்க 13, 14 முடிச்சுட்டு மத்த நாள் விலகி இருக்கீங்க. அந்த ஆப்பை திறந்து செட்டிங்ஸ்ல பாருங்க, சைக்கிள் 28னே இருக்கும், மாத்தியிருக்க மாட்டீங்க.

விந்தணு உள்ள போனா நல்ல சூழ்நிலை இருந்தா அதிகபட்சம் ஒரு 5 நாள் உயிரோட இருக்கும். முட்டை அப்படி இல்ல, வெளிய வந்து 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம், அவ்ளோ தான் அதோட ஆயுசு. அதனால ஒரு மாசத்துல கரு தரிக்க வாய்ப்பு இருக்கற நாள்னு பாத்தா மொத்தமே 6 தான், முட்டை வர்ற நாளும் அதுக்கு முந்தின 5 நாளும். 14வது நாள் உள்ள போன விந்தணு 19 வரைக்கும் தாக்குப்பிடிச்சாலும் உங்க முட்டை 22ல வந்து பாத்தா அங்க யாருமே இல்ல. ஆள் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே பஸ் ஸ்டாண்டுல போய் நின்னுட்டு வீட்டுக்கு திரும்பி வந்த கதை தான் இது. இந்த 5 மாசமா குறை யார்கிட்டயும் இல்லாமலே கூட நடக்காம போயிருக்கலாம்.

இப்ப அந்த 21வது நாள் ரத்த டெஸ்ட்டுக்கு வர்றேன், உங்களை ரொம்ப அழ வச்சது அது தான்னு நினைக்கறேன். புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் முட்டை வெளிய வந்த பிறகு தான் ஏறும், வெளிய வந்து ஒரு வாரம் கழிச்சு உச்சத்துல இருக்கும், 3க்கு மேல போனாலே முட்டை வந்துருக்குன்னு அர்த்தம். 28 நாள்காரங்களுக்கு 14ல முட்டை, ஒரு வாரம் கழிச்சு 21ல டெஸ்ட், சரி. உங்களுக்கு முட்டையே 22ல வரும்னா 21ல எடுத்தா 0.9 இல்லாம வேற என்ன வரும் சொல்லுங்க! உங்களுக்கு அந்த டெஸ்ட் 28, 29வது நாள் எடுத்திருக்கணும், அதாவது அடுத்த பீரியட்ஸ் எதிர்பார்க்கற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி. அந்த டெஸ்ட்டுக்கு பேரே 21வது நாள் டெஸ்ட்னு ஆயிட்டதால யாருக்கா இருந்தாலும் 21லயே எடுத்துடறாங்க, இந்தப் பேரை வச்சவங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். முட்டை வெடிக்கலன்னு அவங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல, அந்த ரிப்போர்ட்டை வச்சு அப்படியும் சொல்ல முடியாது இப்படியும் சொல்ல முடியாதுங்கறேன். திரும்ப எடுங்க, எடுத்து எத்தனை நாள் கழிச்சு பீரியட்ஸ் வந்துச்சுன்னும் அந்த ரிப்போர்ட் மேலயே எழுதி வைங்க, அந்த தேதி இல்லாம அந்த நம்பருக்கு அர்த்தமே கிடையாது.

அடுத்தது 2 வருஷம் 8 மாசம்ங்கற கணக்கு. குழந்தையின்மைன்னு டாக்டருங்க எப்ப சொல்வோம்னா, எந்தத் தடுப்பும் இல்லாம 12 மாசம் தொடர்ந்து சேர்ந்தும் நிக்கலன்னா. பொண்ணுக்கு 35 வயசு தாண்டியிருந்தா 6 மாசத்துலயே பாக்க ஆரம்பிச்சுடுவோம். இதுல தொடர்ந்துங்கற வார்த்தை தான் முக்கியம். கல்யாணத் தேதியில இருந்து எண்றது சொந்தக்காரங்க வேலை. அவர் மாசத்துக்கு ரெண்டு சனி ஞாயிறு வந்துட்டு போனார்னா அந்த 6 நாளுக்குள்ள அது விழுந்த மாசம் சிலது இருக்கும், விழாத மாசம் நிறைய இருக்கும், உங்களுக்கு பீரியட்ஸ் முன்ன பின்ன வர்றதால அதையும் இப்ப கண்டுபிடிக்க முடியாது. பழைய காலண்டர்ல குறிச்சு வச்சிருந்தா உக்காந்து பாருங்க, உண்மையா முயற்சி பண்ணின மாசம் ஏழெட்டு கூட தேறாதுன்னு தோணுது.

எந்தக் குறையும் இல்லாத இளம் ஜோடிக்கே ஒரு மாசத்துல நிக்கறதுக்கான வாய்ப்பு 20, 25 சதவீதம் தான்மா. சரியா தொடர்ந்து முயற்சி பண்ணினா ஒரு வருஷத்துல 100 ஜோடியில 80க்கு மேல நின்னுடும், மீதி இருக்கறவங்கள்ல பாதிப்பேருக்கு ரெண்டாவது வருஷத்துல நிக்கும். ஒவ்வொரு மாசமும் பீரியட்ஸ் வர்றப்ப பரீட்சையில ஃபெயில் ஆன மாதிரி இருக்கும், எனக்கு தெரியும், பாத்ரூம்ல உக்காந்து அழுதுட்டு முகம் கழுவிட்டு வெளிய வர்றவங்களை தினமும் பாக்கறேன். இன்னொண்ணு, உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்ன கணக்குப்படி வாழ்நாள்ல 6 பேர்ல ஒருத்தர் இந்த குழந்தையின்மையை சந்திக்கறாங்க. யாரும் வெளிய சொல்றதில்ல, அதனால உங்களுக்கு மட்டும் நடக்கற மாதிரி தெரியுது.

அப்ப என்ன பண்றது? பீரியட்ஸ் வந்த 12வது நாள்ல இருந்து 25வது நாள் வரைக்கும் ஒண்ணு விட்டு ஒரு நாள் சேருங்க. எந்த கிட்டும் வேண்டாம் எந்த ஆப்பும் வேண்டாம். சேர்த்து வச்சா விந்து கெட்டியா வேகமா இருக்கும்னு யாரோ சொன்னதை நம்பி மத்த நாளெல்லாம் விலகி இருக்கறீங்க பாருங்க, அது நேர்மாறான வேலை, ரொம்ப நாள் தேங்கினா எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம் ஆனா ஓட்டம் குறைஞ்சு போயிடும், பழசு நிறைய இருக்கும். நடுவுல வெள்ளைப்படறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு இழுத்தா நூல் மாதிரி நீளும், அந்த நாள் தவற விடாதீங்க, முட்டை வரப்போகுதுன்னு உடம்பே குடுக்கற சிக்னல் அது, விந்தணு நீந்திப் போற பாதையும் அது தான். யூரின்ல பாக்கற ஓவுலேஷன் கிட் நீர்க்கட்டி இருக்கறவங்களுக்கு சில நேரம் சும்மாவே பாசிட்டிவ் காட்டும், அதனால உங்களுக்கு நான் அதை சொல்ல மாட்டேன்.

தலகாணி விஷயம். வெளிய வர்றதை பாத்து பயப்படாதீங்க, எல்லாருக்கும் வரும், வரணும். விந்துல பெரும்பகுதி வெறும் திரவம் தான், விந்தணு இருக்கறது அதுல ரொம்ப சின்ன பங்கு, நீந்தத் தெரிஞ்சது எல்லாம் சில நிமிஷத்துலயே கர்ப்பப்பை வாய்க்குள்ள போயிடும், பாக்கி தான் கீழ வருது. அரை மணி நேரம் காலைத் தூக்கி வச்சுட்டு படுத்திருந்தாலும் உடனே எழுந்து பாத்ரூம் போனாலும் ஒண்ணு தான். வழவழப்புக்கு ஜெல் எதாவது யூஸ் பண்றீங்களா? கடையில கிடைக்கற பல ஜெல்லும், ஏன் எச்சிலும் கூட, விந்தணுவோட ஓட்டத்தை குறைக்கும், அதை மட்டும் நிறுத்துங்க.

ஏஎம்ஹெச் 6.8 பத்தி. அது முட்டை எவ்ளோ ஸ்டாக் இருக்குன்னு தோராயமா காட்டற நம்பர், தரத்தை காட்டாது, உங்களுக்கு இயற்கையா நிக்குமா நிக்காதான்னும் சொல்லாது. நீர்க்கட்டி இருக்கறவங்களுக்கு அது கூட தான் இருக்கும், ஏன்னா ஸ்கேன்ல தெரியறது நிஜமான கட்டியே கிடையாது, பாதி வளர்ந்து நின்னுபோன, முட்டை இருக்கற குட்டி குட்டி பைங்க அவ்ளோ தான், நிறைய இருக்கு அதனால ஹார்மோனும் நிறைய. நீர்க்கட்டிங்கற பேரைக் கேட்டதும் எதோ ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்னு பயந்துடறாங்க, எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. இந்தப் பிரச்சனை குழந்தை பெற வயசுல இருக்கற 100 பொண்ணுங்கள்ல 8ல இருந்து 13 பேர் வரைக்கும் இருக்கு, அவங்க முட்டை லேட்டா வரும் இல்ல சில மாசம் வராமலே போகும். ஸ்கேன் மட்டும் வச்சு நீர்க்கட்டின்னு முடிவும் பண்ணக்கூடாது, பீரியட்ஸ் தள்ளிப்போறது, முகத்துல முடி பரு இல்லன்னா ரத்தத்துல ஆண் ஹார்மோன் கூட இருக்கறது, இப்படி எதாவது சேர்ந்து இருக்கணும். உங்களுக்கு 34 நாள்ல இருந்து 38 நாள்ங்கறது நார்மலுக்கும் லேட்டுக்கும் நடுவுல இருக்கற வரப்பு, ரெண்டு மூணு மாசம் வராம நிக்கறது உங்களுக்கு இல்ல, அதனால அனேகமா மாசா மாசம் முட்டை வந்துட்டு தான் இருக்குன்னு என் யூகம். சரியான நாள்ல எடுத்த டெஸ்ட்லயும் வரலன்னு தெரிஞ்சா அதுக்கு லெட்ரசோல்னு மாத்திரை இருக்கு, பீரியட்ஸ் ஆரம்பத்துல 5 நாள் குடுப்பாங்க, ஸ்கேன் வச்சு பாத்துக்கிட்டே குடுக்கணும், ஒரு முட்டைக்கு பதில் ரெண்டு மூணு வளர்ந்துட்டா இரட்டைக் குழந்தை அது இதுன்னு போயிடும், அதனால பக்கத்து வீட்டு அக்காவுக்கு நின்னுச்சுன்னு அவங்க சீட்டை வச்சு நீங்களா வாங்கி போடாதீங்க. எடை எவ்ளோன்னு எழுதல. கூட இருந்தா 5 சதவீதம் குறைச்சாலே, அதாவது 80 கிலோல 4 கிலோ, நிறைய பேருக்கு முட்டை தானா சரியா வர ஆரம்பிச்சுடும்.

லெட்டர்ல ஒரே வரியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, முதல் ரெண்டு நாள் வலி தாங்க முடியாது லீவ் தான்னு. உங்க நீர்க்கட்டியை விட எனக்கு இது தான் கவலை. பீரியட்ஸ்னா வலிக்கத்தான் செய்யும்னு சின்ன வயசுல இருந்தே சொல்லி வளர்த்துடறாங்க, ஆனா மாத்திரை போட்டும் எழுந்திரிக்க முடியாத வலி சாதாரணம் இல்ல, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கான்னு பாக்கணும். கர்ப்பப்பை உள்பக்கம் இருக்கற மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளிய, முட்டைப்பை மேல, பின்னாடி குடல் பக்கம்னு வளர்ந்து, மாசா மாசம் அங்கயும் கசிஞ்சு, புண்ணாகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பத்துல ஒரு பொண்ணுக்கு இருக்கு, கண்டுபிடிக்கறதுக்குள்ள வருஷக்கணக்கா ஆயிடுது, ஏன்னா லேசா படர்ந்திருக்கறது பெரும்பாலும் ஸ்கேன்ல தெரியாது, முட்டைப்பையில சாக்லேட் கட்டியா, அதாவது பழைய ரத்தம் தேங்கின கட்டியா வந்தா தெரியும். ஸ்கேன் நார்மல் அதனால வலி மனசுலன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. சேரும்போது ஆழத்துல வலிக்குதா, பீரியட்ஸ் நேரத்துல மலம் கழிக்கும்போது வலிக்குதா, ஒவ்வொரு வருஷமும் வலி கூடிட்டே போகுதா, இந்த மூணையும் உங்க டாக்டர்ட்ட அவங்க கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க. சேரும்போது உள்ள போகவே முடியாத அளவுக்கு இறுக்கிக்கிட்டு வலி வருதுன்னா அது வேற விஷயம், அதையும் வெக்கப்படாம சொல்லணும், கல்யாணம் ஆகி மூணு நாலு வருஷம் கழிச்சு எல்லா டெஸ்ட்டும் முடிச்சுட்டு கடைசியில இன்னும் சரியா சேரவே இல்லன்னு தெரிஞ்ச ஜோடிங்க என்கிட்ட வந்திருக்காங்க, யாருமே அவங்களை அதை கேக்கல, அவங்களும் சொல்லல. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலே குழந்தை நிக்காதுன்னும் கிடையாது, இருந்தும் தானா நிக்கறவங்க நிறைய, ஆனா இருக்குன்னு தெரிஞ்சா எவ்ளோ நாள் காத்திருக்கலாம்ங்கற முடிவு மாறும். ஆமா, வலி மாத்திரை பீரியட்ஸ் நாள்ல போட்டுக்கோங்க தப்பில்ல, முட்டை வர்ற நாள்கள்ல தலைவலி முதுகுவலின்னு தொடர்ந்து டைக்ளோஃபினாக் வகையறா போடாதீங்க, முட்டை வெளிய வர்றதையே அது தடுக்கலாம்.

கருக்குழாய் டெஸ்ட் உங்களுக்கு தேவைப்படலாம், ஆனா உங்க வீட்டுக்காரர் டெஸ்ட்டுக்கு அப்புறம். ஹெச்எஸ்ஜின்னு சொல்வாங்க, பீரியட்ஸ் நின்ன பிறகு முட்டை வர்றதுக்கு முன்னாடி, டை ஏத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க, கொஞ்சம் வலிக்கும், அந்த மாசம் டெஸ்ட் முடியற வரைக்கும் சேராம இருக்கணும். பழைய இன்ஃபெக்‌ஷன், கிளமிடியா மாதிரி வந்ததே தெரியாம வந்துட்டு போனது, காசநோய் கர்ப்பப்பை பக்கம் வந்தது, குடல்வால் வெடிச்சது, வயித்து ஆபரேஷன், இதெல்லாம் குழாயை அடைக்கும். கர்ப்பப்பைக்கு பக்கத்துலயே ஒரு பக்கம் அடைப்புன்னு ரிப்போர்ட் வந்தா உடனே இடிஞ்சு போயிடாதீங்க, டை போற நேரத்துல குழாய் சுருங்கிக்கிட்டா கூட அப்படி காட்டும்.

ஐவிஎஃப்புக்கு பதில் சொல்லிடறேன். 1978 ஜூலை 25ல பிறந்த லூயிஸ் பிரவுன் தான் உலகத்தோட முதல் டெஸ்ட் டியூப் பேபி, அவங்க அம்மாவுக்கு கருக்குழாய் அடைப்பு, 9 வருஷம் முயற்சி பண்ணினவங்க. முட்டையும் விந்தணுவும் உள்ள சந்திக்க வழியே இல்லங்கறப்ப வெளிய எடுத்து சந்திக்க வைக்கறதுக்காக வந்த வைத்தியம் அது, அப்புறம் 1992ல விந்தணு ரொம்ப குறைவா இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு அணுவை எடுத்து முட்டைக்குள்ள ஊசியில செலுத்தற இக்ஸி வந்துச்சு. ரெண்டும் பெரிய வரம், தேவைப்படறவங்களுக்கு. சந்திக்க வழி இருந்தும் நாள் தப்பினதால சந்திக்காத உங்களுக்கு எடுத்த உடனே அது எதுக்கு? 29 வயசு உங்களுக்கு. பொண்ணு பிறக்கும்போதே 10ல இருந்து 20 லட்சம் முட்டையோட பிறக்கறா, வயசுக்கு வர்றப்ப 3, 4 லட்சம் தான் மிச்சம், புதுசா ஒண்ணு கூட உருவாகாது, 35க்கு மேல எண்ணிக்கையும் தரமும் வேகமா இறங்கும். நீங்க 37னு எழுதியிருந்தா இவ்ளோ நிதானமா பதில் சொல்லியிருக்க மாட்டேன், உடனே ஓடுங்கன்னு சொல்லியிருப்பேன். ஐவிஎஃப்பும் கேரண்டி கிடையாது, ஒரே தடவையில நிக்காதவங்க நிறைய பேர். உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் நல்லா வந்து, உங்களுக்கு முட்டையும் வருதுன்னு தெரிஞ்சு, வலிக்கு காரணமும் பாத்தாச்சுன்னா, சரியான நாள்ல ஒரு 6 மாசம் முயற்சி பண்ணிட்டு அடுத்ததை யோசிக்கலாம். எல்லா டெஸ்ட்டும் நார்மல் ஆனா நிக்கலங்கற ஜோடிங்களும் 100ல 15ல இருந்து 30 வரைக்கும் இருக்காங்க, அவங்களுக்கு வழி வேற, அதை இப்பவே தூக்கி சுமக்காதீங்க.

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்னைக்கே ஆரம்பிங்க, நின்ன பிறகு இல்ல, நிக்கறதுக்கு முன்னாடி இருந்தே போடணும், குழந்தையோட முதுகுத்தண்டு நீங்க நாள் தள்ளிப்போனதை கவனிக்கறதுக்குள்ளயே உருவாக ஆரம்பிச்சுடுது. வலிப்புக்கு மாத்திரை எடுக்கறீங்க சுகர் இருக்குன்னா டோஸ் வேற, கேட்டு போடுங்க. டென்ஷன் ஆகாத தானா நிக்கும்னு யாராவது அட்வைஸ் பண்ணா காதுல வாங்காதீங்க, டென்ஷன் பட்டதால தான் நிக்கலன்னு உங்க தலையில இன்னொரு பழியையும் ஏத்தறது தான் அது.

இதுக்கு மேல எழுதறது உங்க வீட்டுக்காரருக்கு. போனை அவர்ட்ட குடுங்கம்மா.

தம்பி, உங்களுக்கு சிகரெட் தண்ணி இல்ல, ஜிம் போறீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா உடம்பு நல்லா இருக்கறதுக்கும் விந்தணு நல்லா இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்லாம போறதை நான் நிறைய பாத்திருக்கேன், உறவுல ஒரு குறையும் இருக்காது, விந்தும் வழக்கம் போல தான் வரும், மைக்ராஸ்கோப்ல வச்சா உள்ள ஒண்ணு கூட இருக்காது. கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது. குழந்தை தள்ளிப்போற ஜோடிகள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கு, தனியாவோ இல்ல ரெண்டு பேருக்கும் சேர்ந்தோ. ஒரு தடவை ஒரு பொண்ணு தடிமனா ஒரு ஃபைல் கொண்டு வந்தா, 4 வருஷ ரிப்போர்ட், ரத்தம், ஸ்கேன், குழாய் டெஸ்ட், லேப்ராஸ்கோப்பி கூட பண்ணிட்டாங்க, ஒவ்வொண்ணா புரட்டிட்டே வந்து கடைசி பக்கம் வரைக்கும் பாத்துட்டு உங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கம்மான்னு கேட்டேன், அந்தப் பொண்ணு அவரைப் பாத்தா, அவர் ஜன்னலைப் பாத்தார். அடுத்த வாரம் எடுத்தோம், எண்ணிக்கை பூஜ்யம். வயித்துல மூணு ஓட்டை போட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டது அந்தப் பொண்ணு.

ஜிம்ல யாராவது ஊசி போட்டுக்க சொன்னாங்களா, இல்ல பேர் தெரியாத மாத்திரை எதாவது? சும்மா கேக்கறேன்னு நினைக்காதீங்க, இது தான் நான் கேக்கற முதல் கேள்வி. டெஸ்டோஸ்டிரான், ஸ்டீராய்டு இதெல்லாம் வெளியில இருந்து ஏத்தினா மூளை, உடம்புல தான் நிறைய இருக்கேன்னு விரைக்கு அனுப்பற உத்தரவை நிறுத்திடும், விரை வேலையை நிறுத்தி சுருங்கவும் செய்யும். பாக்க ஆம்பளத்தனம் கூடின மாதிரி இருக்கும், விந்தணு பூஜ்யத்துக்கு போயிடும். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு திரும்ப வரும், ஆனா மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் தாண்டும். போட்டிருந்தா மனைவிக்கு தெரியாட்டியும் டாக்டருக்கு தெரியணும். சின்ன வயசுல விரை கீழ இறங்காம ஆபரேஷன் பண்ணினது, வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கினது, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன், சுகர், இதுல எது இருந்தாலும் சொல்லுங்க. விதைப்பையில ரத்தக்குழாய் புழு மாதிரி சுருண்டு இருக்கற வேரிகோசீல் சாதாரணமா 100 ஆம்பளைங்கள்ல 15 பேருக்கு இருக்கும், எல்லாருக்கும் அது பிரச்சனை பண்றதில்ல, ஆனா குழந்தை நிக்காம வர்றவங்கள்ல அது ரொம்ப கூட இருக்கறதால நின்ன நிலையில தொட்டு பாக்கணும். இதுல நிறையத்துக்கு வைத்தியம் இருக்கு, அது தான் உங்ககிட்ட சொல்ல வேண்டியது, ரிப்போர்ட் சரியில்லன்னா கதை முடிஞ்சுதுன்னு இல்ல.

டெஸ்ட்டுக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது. 2 நாளுக்கு குறையாம 7 நாளுக்கு மேல போகாம இடைவெளி விட்டுட்டு போங்க, 3, 4 நாள் சரியா இருக்கும். லேப்லயே தனி ரூம் குடுப்பாங்க, அங்க முடியலன்னா அவங்க குடுக்கற டப்பாவுல வீட்ல எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய் குடுக்கணும், உடம்பு சூட்டுல இருக்கற மாதிரி சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டு போங்க, ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. சாதா காண்டம்ல எடுக்காதீங்க, அதுல தடவியிருக்கறது அணுவைக் கொன்னுடும். ரிப்போர்ட்ல ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல இருக்கணும், ஓட்டம் மொத்தம் 42 சதவீதம், முன்னோக்கி ஓடறது 30, வடிவம் நல்லா இருக்கறது 4 சதவீதம் இருந்தாலே போதும். அந்த 4ஐ பாத்து அப்ப 96 கெட்டதான்னு நெஞ்சை பிடிச்சுக்காதீங்க, அது தான் நார்மல். இதெல்லாம் பாஸ் மார்க் கிடையாது, இதுக்கு கீழ இருந்தும் அப்பா ஆனவங்க இருக்காங்க, குறைஞ்சா ஒரே ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணவும் மாட்டோம், திரும்ப எடுப்போம். ஒரு விந்தணு உருவாக ரெண்டரை மாசம் ஆகும், அதனால போன ரெண்டு மூணு மாசத்துல கடுமையா ஜுரம் வந்திருந்தா அதுவும் இந்த ரிப்போர்ட்ல தெரியும், வந்திருந்தா தேதியை எழுதிக்கோங்க.

எடுக்கும்போது முதல்ல வர்ற துளியில தான் அணு நிறைய இருக்கும், அது டப்பாவுக்கு வெளிய சிந்திட்டா எண்ணிக்கை குறைவா காட்டி வீணா பயமுறுத்தும், கூச்சத்துல யாரும் அதை லேப்ல சொல்றதில்ல. சிந்தினா சிந்திடுச்சுன்னு சொல்லிடுங்க, ரிப்போர்ட்ல அதை குறிக்க ஒரு வரி இருக்கும். அந்த வரியும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து, உங்க வீட்டம்மாவோட 29வது நாள் புரோஜெஸ்டிரான் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தான் நான் அடுத்ததை சொல்வேன்.